கோடு போட்ட பனியனுக்கு எதற்கு முதுகலை?

விளையாட்டு உடை வடிவமைப்பில் முதுகலை படிக்கப்போவதாகத் திருப்பூரில் ஒரு பெண் சொன்னால் வீட்டில் என்ன பதில் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். "பனியனுக்கு ரெண்டு பக்கமும் கோடு போடறதுக்கு ரெண்டு வருசப் படிப்பா கண்ணு?" இப்படிக் கேட்பவர் பெரும்பாலும் விவரம் தெரிந்தவர். முப்பது வருடம் நூலோடும் சாயத்தோடும் புழங்கியவர். துணியை விரலிடுக்கில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்து, இது 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்), இது 180 என்று சொல்லிவிடுகிறவர். அதனால் அவர் சொல்லுக்கு வீட்டில் எடை அதிகம். அதனாலேயே அதை மறுத்தாக வேண்டியிருக்கிறது.

அவருடைய வாதத்தை முழு வலுவோடு எடுத்து வைப்பதுதான் நியாயம். விளையாட்டு உடை, உடைகளிலேயே எளிமையானது. டி-ஷர்ட், ஷார்ட்ஸ், டிராக் பேன்ட், லெக்கிங்ஸ் என்று எண்ணினால் நாலைந்து உருப்படிகள். நிறம் மாறும், லோகோ மாறும், வெட்டு மாறாது. நூலை மில்காரர் பார்த்துக்கொள்கிறார், மெஷினை ஜப்பான்காரரும் ஜெர்மன்காரரும் செய்து அனுப்புகிறார்கள், அளவைப் பையர் எழுதித் தருகிறார். நடுவில் வடிவமைப்பாளருக்கு மிச்சம் என்ன? ஏதாவது இருந்தாலும் ஒரு கம்பெனியின் சாம்பிள் செக்‌ஷனில் இரண்டு வருடம் உட்கார்ந்தால் சம்பளத்தோடு கற்றுக்கொள்ளலாம். இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்புகள் சமையலறையிலும் கொட்டகையிலும் பிறந்தவை. பட்டம் வாங்கியா கண்டுபிடித்தார்கள்? போதாக்குறைக்கு, படித்து முடித்தால் ஊரில் வேலையும் கிடையாது.

கடைசி வாக்கியத்தில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மற்றவை நிற்கவில்லை.

சமையலறைக் கதைகளிலிருந்து தொடங்கலாம். அவற்றில் புகழ்பெற்றது முதல் ஸ்போர்ட்ஸ் பிராவின் கதை. 1977இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால் என்ற பெண் தினமும் ஓடப் போவார். மார்பு வலி தாங்க முடியவில்லை. விளையாடும்போது ஆண்கள் இடுப்பில் அணியும் காப்பு உள்ளாடையான ஜாக்ஸ்ட்ராப்பை அவருடைய கணவர் கேலியாக மார்பில் மாட்டிக்கொண்டு வந்து நிற்க, அந்தக் கேலியிலிருந்து யோசனை பிறந்தது. இரண்டு ஜாக்ஸ்ட்ராப்புகளை அறுத்து ஒன்றாகத் தைத்தார்கள், ஜாக்பிரா பிறந்தது. கதை வழக்கமாக இங்கே நிறுத்தப்படும். தைத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. தைத்தவர் பாலி ஸ்மித், நாடக உடை வடிவமைப்பாளர். பின்னாளில் ஜிம் ஹென்சனின் மப்பெட் பொம்மைகளுக்கு உடை வடிவமைத்தவர். கூட இருந்த ஹிண்டா மில்லர் பார்சன்ஸ் வடிவமைப்புப் பள்ளியில் இளங்கலையும் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முதுகலையும் முடித்தவர். இடுப்புக்கென நெய்த பட்டை விலாவைச் சுற்றி வர வேண்டும், வார்கள் முதுகில் குறுக்காக ஓட வேண்டும் என்பதைக் கேலிக்கும் காப்புரிமைக்கும் இடையில் யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு, உடம்பின்மேல் துணி எப்படி இழுபடும் என்று பாடமாகப் படித்தவர்களிடமிருந்து வந்தது. 1979 நவம்பரில் காப்புரிமை கிடைத்தது. 2022இல் மூன்று பெண்களும் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்கள். மூவரில் இருவர் தொழில்முறையாக உடை வடிவமைத்தவர்களாக இருக்கும் ஒரு கதையைப் படிப்பு வேண்டாம் என்பதற்குச் சான்றாகக் காட்டுவது விந்தைதான்.

இன்னும் வலுவான சான்று ஒன்று எதிர்த்தரப்பிடம் இருக்கிறது. காலணி வடிவமைப்பாளரான டுவெய்ன் எட்வர்ட்ஸ் கல்லூரியில் வடிவமைப்புப் படித்தவரல்லர். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் வளர்ந்தவர். பதின்ம வயதில் எல்.ஏ. கியர் காலணி நிறுவனத்தில் தற்காலிக எழுத்தராகச் சேர்ந்து, அங்கிருந்த ஆலோசனைப் பெட்டியில் தினம் ஒரு காலணி ஓவியம் வரைந்து போட்டார். மாதக்கணக்கில் போட்டார். கடைசியில் நிறுவனம் அவரை வடிவமைப்பாளராகவே எடுத்துக்கொண்டது. பிற்பாடு நைக்கியில் ஏர் ஜோர்டன் வரிசையின் 21ஆம், 22ஆம் காலணிகளை வடிவமைத்தார். படிக்காமல் உச்சிக்குப் போனவர் என்றால் இவரைத்தான் சொல்ல வேண்டும். அப்படிப் போனவர் அடுத்து என்ன செய்தார்? 2010இல் போர்ட்லண்டில் பென்சோல் என்ற வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கினார். 2022இல், டெட்ராய்ட் நகரில் மூடிக்கிடந்த கறுப்பினத்தவர் கல்லூரி ஒன்றை வடிவமைப்புக் கல்லூரியாக மீண்டும் திறந்தார். ஆலோசனைப் பெட்டி தனக்குத் திறந்தது தற்செயல், தன்னைப் போன்ற இன்னொரு பையனுக்கு அது திறக்காமலே போகலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இங்கே அவர் பெயரைச் சொல்லிப் படிப்பை மறுப்பவர்கள் அவர் வாழ்க்கையின் முதல் பாதியை மட்டும் படித்திருக்கிறார்கள்.

இனி அந்த நாலைந்து உருப்படிகள். எண்ணிக்கையில் தகராறு இல்லை. அவற்றில் ஒன்றை, மேலே சொன்ன ஸ்போர்ட்ஸ் பிராவையே, எடுத்துக்கொள்வோம். மார்பகத்துக்குள் எலும்பு கிடையாது, தசை கிடையாது. மேல்தோலும் உள்ளே ஓடும் மெல்லிய நார்களும்தான் அதைத் தாங்குகின்றன. ஓடும்போது அது மேலும் கீழும் மட்டும் அசைவதில்லை. பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் அசைகிறது. அசைவைக் கேமராவில் தடம் பிடித்தால் ஏறக்குறைய 8 போன்ற கோடு வருகிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் உயிரியக்கவியல் பேராசிரியர் ஜோனா ஸ்கர் தலைமையில் ஒரு குழு பல ஆண்டுகளாக இதை மட்டும் ஆராய்கிறது. 2012 லண்டன் மாரத்தானில் ஓடிய பெண்களிடம் கேட்டுச் செய்த ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மார்பக வலி இருப்பதாகச் சொன்னார். ஜாக்பிரா வந்து 35 ஆண்டுகள் ஆன பிறகு, உலகெங்கும் நிறுவனங்கள் பல கோடிக்கு விற்ற பிறகு, இந்த நிலைமை. அழுத்திப் பிடிப்பதா, இரண்டு பக்கத்தையும் தனித்தனிக் கிண்ணமாகத் தாங்குவதா. பாரத்தைத் தோள்வார் சுமப்பதா, கீழ்ப்பட்டை சுமப்பதா. சின்ன அளவுக்குப் பொருந்திய பேட்டர்னைப் பெரிய அளவுக்கு நீட்டினால் ஏன் பொருந்துவதில்லை. ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேட்டுக்குக் காணும். சாம்பிள் செக்‌ஷனில் இதற்கெல்லாம் நேரம் யார் தருவார்? அங்கே நாளைக்குக் கூரியர் போக வேண்டும்.

வியர்வையை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். பருத்தி, சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் எட்டரை சதவீதம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட எடுக்காது. திருப்பூருக்கு இது புதிதல்ல. ஆனால் ஓடுகிற உடம்பில் எந்த இடத்தில் எவ்வளவு வியர்க்கிறது என்பது துணியைத் தொட்டுப் பார்த்து அறியக்கூடிய விஷயமல்ல. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஹேவனித்தும் அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த கரோலின் ஸ்மித்தும் ஓட்டக்காரர்களின் உடம்பைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் உறிஞ்சும் பட்டையை ஒட்டி, வியர்வையை எடை போட்டு ஒரு வரைபடமே தயாரித்தார்கள். நடுமுதுகிலும் கீழ்முதுகிலும் அதிகம். கைகால் நுனிகளில் குறைவு. இந்த ஆய்வில் அடிடாஸ் நிறுவனம் கைகோத்திருந்தது. இன்று கடையில் தொங்கும் ஓட்ட ஜெர்சியின் முதுகில் மட்டும் வலைப் பின்னல் இருந்தால், அதை அழகுக்கு வைத்த ஜன்னல் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்குப் பின்னால் இப்படி யாரோ எடைபோட்ட பட்டைகள் இருக்கின்றன.

2011இல் வெளிவந்த அந்த முதல் வரைபடம் ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த ஒன்பது ஆண்களை வைத்துச் செய்யப்பட்டது. பிறகு பெண்களையும் அளந்தார்கள். மே மாதத்துச் சென்னையில், ஈரப்பதம் காற்றிலேயே நிறைந்து நிற்கும்போது, வியர்வை ஆவியாகவே மறுக்கும் இடத்தில் ஓடுகிற பெண்ணுக்கு இதே வரைபடம் பொருந்துமா? பொருந்தும் என்று எடுத்துக்கொண்டுதான் இங்கே ஜெர்சி தைக்கப்படுகிறது. உடம்பின் அளவே இங்கே முழுதாகக் கையில் இல்லை. இந்தியர்களுக்கென ஓர் அளவு அட்டவணை வேண்டும் என்று ஆறு நகரங்களில் 25,000 பேரை 3டி ஸ்கேனரில் அளக்கும் திட்டத்தைத் தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகமான நிஃப்ட் எடுத்துக்கொண்டதே 2018 வாக்கில்தான். அதுவும் நிற்கும் உடம்பின் அளவு. தாவும் உடம்பு, குனியும் உடம்பு, மூச்சிரைக்கும் உடம்பு வேறு கணக்கு.

வெட்டு மாறாது என்ற வாதத்துக்கு நீச்சல் குளம் பதில் சொல்லிவிட்டது. 2008 பிப்ரவரியில் ஸ்பீடோ நிறுவனம் லேசர் ரேசர் என்ற நீச்சல் உடையை வெளியிட்டது. துணிகளை நாசாவின் லாங்லி ஆய்வு மையத்துக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்திருந்தார்கள். தையலே கிடையாது, துண்டுகளை மீயொலியால் ஒட்டியிருந்தார்கள். நீர் இழுக்கும் இடங்களில் பாலியூரித்தேன் தகடுகள். அந்த ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக் நீச்சலில் முறிந்த 25 உலக சாதனைகளில் 23 அந்த உடைக்குள் இருந்தவர்கள் செய்தவை. மறு ஆண்டு ரோம் உலகப் போட்டியில் வேறு நிறுவனங்கள் முழுக்கப் பாலியூரித்தேன் உடைகளோடு வந்தன. ஒரே போட்டியில் 43 உலக சாதனைகள் விழுந்தன. அங்கே 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில், அரீனாவின் புதிய உடையோடு வந்த ஜெர்மனியின் பால் பீடர்மனிடம் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோற்றார். ஃபெல்ப்ஸ் அணிந்திருந்தது ஓராண்டு பழசாகிப்போன அதே லேசர் ரேசர். உலக நீச்சல் சம்மேளனம் 2010 ஜனவரி 1 முதல் அத்தனையையும் தடை செய்தது: துணி மட்டும்தான், ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை, பெண்களுக்குத் தோளிலிருந்து முழங்கால் வரை. ஒரு வெட்டு, ஒட்டு, பரப்பு ஆகியவற்றுக்காக ஒரு விளையாட்டின் சட்டப் புத்தகமே திருத்தி எழுதப்பட்டது. இதைக் கோடு போடுவது என்று சொல்ல நல்ல துணிச்சல் வேண்டும்.

அதே ஸ்பீடோவின் முந்தைய உடையில் இன்னொரு பாடம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வந்த ஃபாஸ்ட்ஸ்கின், சுறாவின் தோலைப் பார்த்துச் செய்தது என்று விளம்பரப்படுத்தப்பட்டது. 2012இல் ஹார்வர்டின் ஜார்ஜ் லாடரும் அவருடைய மாணவரும் நிஜச் சுறாத்தோலையும் அந்தத் துணியையும் நீரில் ஓட்டிப் பார்த்தார்கள். சுறாத்தோல் உதவியது, துணியின் வரிப் பரப்பு சுறாவின் வேலையைச் செய்யவில்லை. உடை வேகம் தந்திருந்தால் அது உடம்பை இறுக்கிப் பிடித்ததால் இருக்கலாம். விளம்பரத்தையும் விளைவையும் பிரித்துப் பார்க்க, ஒன்றை மாற்றி மற்றதை மாற்றாமல் வைத்துச் சோதிக்கும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தைச் சொல்லித்தருவதற்குத்தான் முதுகலையில் ஆய்வேடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பாதிப் பேர் அதைக் கடைசி மாதம் கூகுளில் தேடி ஒப்பேற்றுகிறார்கள் என்பது வேறு துக்கம்.

சோதனை சறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக். அமெரிக்க ஸ்பீடு ஸ்கேட்டிங் (பனித்தளச் சறுக்கோட்ட) அணிக்காக அண்டர் ஆர்மர் நிறுவனம் விமானத் தயாரிப்பாளரான லாக்ஹீட் மார்ட்டினோடு சேர்ந்து மாக் 39 என்ற உடையைச் செய்தது. காற்றுச் சுரங்கச் சோதனை உண்டு, பணம் உண்டு, அறிவியல் உண்டு. ஆனால் ரகசியம் காக்க வேண்டும் என்று, ஒரு போட்டியில்கூட அணிந்து ஓடாமல் நேராக ஒலிம்பிக்குக்குக் கொண்டுபோனார்கள். முடிவுகள் மோசமாக வந்ததும் முதுகில் உள்ள காற்றுத் திறப்பு வேகத்தைக் குறைக்கிறது என்ற பேச்சு எழுந்தது. ஒலிம்பிக் நடந்துகொண்டிருக்கும்போதே அணி பழைய உடைக்கு மாறியது. அதன் பிறகும் நீள்தடப் போட்டிகளில் ஒரு பதக்கம்கூட வரவில்லை. 1984க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. உடைதான் குற்றவாளி என்று சொல்ல முடியாது. பயிற்சி முறையில் வேறு கோளாறுகளும் பேசப்பட்டன. ஆனால் அணிகிறவரின் நம்பிக்கை என்பது உடையின் ஒரு பகுதி, அதைக் காற்றுச் சுரங்கத்தில் அளக்க முடியாது என்பது அன்று தெரிந்தது. அணிந்து பார்க்கும் சோதனையை எத்தனை மாதம் முன்பு, யாரிடம், எந்த வேகத்தில், எந்தக் குளிரில் நடத்துவது என்பது வடிவமைப்பின் மையமான கேள்வி. பொறியாளர்கள் மட்டும் உட்கார்ந்தால் அதைத் தவற விடுகிறார்கள், ஓவியம் வரைபவர்கள் மட்டும் உட்கார்ந்தாலும் தவற விடுகிறார்கள்.

பெண்கள் விளையாட்டுக்கு வந்தால், பேட்டர்ன் மேசைக்கு வெளியேயும் வேலை இருக்கிறது. 1999இல் நெதர்லாந்தில், பாதுகாப்பைக் காரணம் காட்டி முஸ்லிம் மாணவிகள் தலைத்துணியோடு உடற்பயிற்சி வகுப்புக்கு வருவதைப் பள்ளிகள் தடுக்கலாம் என்ற நிலை வந்தது. ஐந்தோவன் வடிவமைப்புக் கல்லூரியில் அப்போது இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்த சிண்டி ஃபான் டென் பிரெமென் அந்தப் பிரச்சினையையே தன் பட்டத்துக்கான திட்டப்பணியாக எடுத்தார். மாணவிகளிடம் போய்ப் பேசினார், இமாமிடம் பேசினார், ஊசி இல்லாமல், இழுத்தால் கழன்று விடும்படி விளையாட்டு ஹிஜாபைச் செய்தார். கேப்ஸ்டர்ஸ் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. கால்பந்தில் தலைமறைப்புக்கு ஃபிஃபா முழுமையாக அனுமதி தந்தது 2014இல்; நைக்கி தன் ஹிஜாபைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 2017இல். பெரிய நிறுவனத்துக்கு 18 ஆண்டுகள் முன்பே ஒரு மாணவி அந்த இடத்துக்குப் போயிருந்தார். அவருக்குக் கிடைத்ததும் நிறுவனத்துக்குக் கிடைக்காததும் ஒன்றுதான்: விற்குமா என்று யாரும் கேட்காத ஓர் ஆண்டு.

2021இல் நார்வேயின் பெண்கள் கடற்கரை ஹேண்ட்பால் அணிக்கு, பிகினிக்குப் பதில் ஷார்ட்ஸ் அணிந்ததற்காக 1,500 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. அந்த ஆண்டே விதி மாறியது. மாதவிடாய் குறித்த தயக்கத்தைக் கருத்தில் கொண்டு 2023இல் விம்பிள்டன், பெண்கள் அடர் நிற உள்ஷார்ட்ஸ் அணியலாம் என்று தன் வெள்ளை விதியைத் தளர்த்தியது; இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்து அணியும் வெள்ளை ஷார்ட்ஸைக் கைவிட்டு நீலத்துக்கு மாறியது. யாராவது அந்தப் பெண்களைக் கேட்டிருந்தால் இருபது வருடம் முன்பே தீர்ந்திருக்கக்கூடிய பிரச்சினை. கேட்கத் தெரிவதும் ஒரு பயிற்சிதான்.

இங்கே பனியன் கம்பெனிப் பள்ளிக்கூடத்தைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பவர் டேபிளில் உட்கார்ந்தவருக்குத் தெரிந்த நுணுக்கம் பலருக்கு ஏட்டில் கிடைக்காது. லைக்ரா கலந்த துணியில் பேட்லாக் போடும்போது நூல் இழுவை எவ்வளவு இருக்க வேண்டும், காம்பாக்டிங் முடிந்த துணி கட்டிங் மேசையில் எத்தனை மணி நேரம் ஆறப்போட வேண்டும் என்பதையெல்லாம் தெரியாத முதுகலை மாணவர் வரையும் படம் தைக்க முடியாத படமாகத்தான் இருக்கும். ஆனால் கம்பெனி கற்றுத்தருவது, ஏற்கனவே முடிவு செய்யப்பட்ட ஒன்றைப் பிசகில்லாமல் செய்வதை. முடிவு டெக் பேக்கில் வந்துவிடுகிறது. துணியின் எடை, நூலின் ரகம், தையலின் இடம், ஒரு செ.மீ.க்கு எத்தனை தையல், லோகோ காலரிலிருந்து எத்தனை அங்குலம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். ஏன் அந்த இடத்தில் தையல் என்று எழுதியிருக்காது. அதை அடிடாஸின் ஊரான ஜெர்மனியின் ஹெர்ட்ஸோகனவ்ராக்கிலோ அமெரிக்காவின் போர்ட்லண்டிலோ உட்கார்ந்து யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். சாம்பிளை ஏழு தடவை திருப்பி அனுப்பும் மெர்ச்சண்டைசருக்கும் சில சமயம் காரணம் தெரியாது. இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் செய்யும் ஊர், ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி ரூபாய் வியாபாரம் பார்க்கும் ஊர், இத்தனை ஆண்டுகளாக இன்னொருவர் எழுதிய டெக் பேக்கைப் படித்துக்கொண்டிருப்பதற்குத் தையல்காரர்களின் கைத்திறன் காரணமல்ல.

இன்னொன்றும் உண்டு. திருப்பூரின் கை பருத்திக்குப் பழகிய கை. உலகச் சந்தையோ செயற்கை இழைக்குச் சாய்ந்து வெகுநாளாகிறது. செயற்கை இழை ஆடைக்கும் தொழில்நுட்ப ஜவுளிக்குமாக ஒன்றிய அரசு 2021இல் 10,683 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்ததே அதனால்தான். பாலியெஸ்டருக்கு மாறுவது நூல் கோனை மாற்றுவதோடு முடியாது. சாயம் வேறு, வெப்பம் வேறு, ஊசி வேறு. சாயக்கழிவு ஓடிய நொய்யல் ஆற்றின் பாடம் நினைவிருப்பவர்களுக்கு இதன் முக்கியத்துவம் புரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் ஏறத்தாழ 700 சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. இழையாகுமுன், உருகிய பாலிமரிலேயே நிறத்தைச் சேர்த்துவிட்டால் சாயத்தொட்டியே வேண்டாம். தண்ணீர்ச் செலவு பெருமளவு குறையும். ஆனால் அந்த முறையில் நிறங்களை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும், குறைந்தபட்ச ஆர்டர் அளவு பெரிதாக இருக்கும், கடைசி நேரத்தில் பையர் மனம் மாறினால் ஒன்றும் செய்ய முடியாது. அதாவது ஆற்றில் என்ன ஓடும் என்பதில் ஒரு பங்கு வடிவமைப்பாளரின் நிற அட்டையில் முடிவாகிறது. அந்த அட்டையைப் போடுபவருக்கு வேதியியலும் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது.

சரி, இதையெல்லாம் இளங்கலையிலேயே சொல்லித்தரக் கூடாதா? அடிப்படையைச் சொல்லலாம். ஆனால் மேலே பார்த்த எந்த உதாரணமும் ஒரே துறையில் முடியவில்லை. துணி, உடம்பு, இயந்திரம், விதி, அணிபவரின் கூச்சம் எல்லாம் ஒரே மேசைக்கு வர வேண்டியிருந்தது. பதினெட்டு வயதில் ஒருவர் இவற்றில் ஒன்றில்கூட ஆழமாகப் போயிருக்க மாட்டார். முதுகலையில்தான் நான்கு வருடம் ஜவுளிப் பொறியியல் படித்தவரும், பிசியோதெரபி படித்தவரும், ஃபேஷன் படித்தவரும், மாநில அளவில் ஓடிக் காலைக் கெடுத்துக்கொண்டவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார முடியும். ஓரிகன் பல்கலைக்கழகம் போர்ட்லண்டில் நடத்தும் விளையாட்டுப் பொருள் வடிவமைப்பு முதுகலை இப்படித்தான் கட்டப்பட்டது. அதைத் தொடங்கிய சூசன் சோகோலோவ்ஸ்கி நைக்கியில் நீண்ட காலம் பணியாற்றியவர், முனைவர் பட்டமும் பெற்றவர். லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் முதுகலை மாணவராக இருந்தபோது ரயன் யாசின் மடிப்பு மடிப்பாக விரியும் குழந்தை உடையைச் செய்தார். குழந்தை வளர வளர உடையும் விரியும். 2017இல் ஜேம்ஸ் டைசன் விருதின் பிரிட்டிஷ் பரிசு கிடைத்தது. அவர் முதலில் படித்தது விமானப் பொறியியல். அந்த மடிப்பு, விண்வெளியில் விரியும் கட்டமைப்புகளிலிருந்து வந்தது. தையல் வகுப்பிலிருந்து மட்டும் வந்திருக்க வழியில்லை.

தமிழ்நாட்டில் இந்தத் துண்டுகள் எல்லாமே இருக்கின்றன, தனித்தனியாக. கோவையில் 1956 முதல் ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா இருக்கிறது. மருத்துவ ஜவுளிக்கான உயர் மையமும் அங்கேதான். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் தொழிற்சாலைத் துணிகளுக்கான மையம். சென்னையில் நிஃப்ட். மேலக்கோட்டையூரில் உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், அதில் உயிரியக்கவியல் துறை. ஐஐடி மெட்ராஸில் விளையாட்டு அறிவியல் மையம். விளையாட்டு ஜவுளிக்கான தேசிய மையம் மட்டும் மகாராஷ்டிரத்தின் தாணேயில், கம்பளி ஆராய்ச்சிச் சங்கத்திடம் போய்விட்டது. கடல் தாண்டிப் பார்த்தால் இலங்கையின் மாஸ் ஆடை நிறுவனம் பிறருக்குத் தைத்துக்கொடுப்பதோடு நிற்காமல் சொந்த ஆய்வுப் பிரிவுகளை வளர்த்தது. 2019 உலகக் கோப்பைக்கு இலங்கைக் கிரிக்கெட் அணி அணிந்த ஜெர்சி, கடற்கரையில் சேகரித்த பிளாஸ்டிக்கிலிருந்து அவர்கள் செய்தது.

இப்போது அந்தக் கடைசிக் குற்றச்சாட்டு: வேலை. பிரிட்டனில் ஓராண்டு முதுகலைக்குப் பன்னாட்டு மாணவர் கட்டணமே பெரும்பாலும் 15,000 பவுண்டுக்கு மேல். தங்குவதும் சாப்பிடுவதும் தனி. வீட்டை அடமானம் வைத்துப் போய்த் திரும்பிவந்தவருக்கு இங்கே மெர்ச்சண்டைசர் வேலையும் அதற்கான சம்பளமும்தான் காத்திருக்கின்றன என்பது மறுக்க முடியாதது. கணினியில் வண்ணம் தீட்டச் சொல்லிக்கொடுத்து, ஒரு ஃபேஷன் ஷோ நடத்தி, முதுகலை என்று சான்றிதழ் கொடுத்தனுப்பும் வகுப்புகளும் உண்டு. அவற்றைப் பற்றித் திருப்பூர்க்காரர் சொல்வது அத்தனையும் சரி. ஆனால் வேலை இல்லை என்பது படிப்பின் குறையா, ஜாப் ஒர்க்கிலேயே நிறைவு கண்டுவிட்ட தொழிலின் குறையா? முடிவெடுக்கும் நாற்காலியே கம்பெனியில் போடப்படவில்லை என்றால் அதில் உட்காரப் படித்தவருக்கு வேலை எங்கிருந்து வரும்? ஏற்றுமதியாளர் ஒருவர் தன் லாபத்தில் சொற்பத்தை ஒதுக்கி இரண்டு மாணவர்களை இரண்டு வருடம் படிக்க வைத்தால் ஆகும் செலவு, ஒரு நல்ல நிட்டிங் மெஷின் விலையைத் தாண்டுமா என்று அவரே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அந்த மாணவர்கள் என்ன ஆராய்வார்கள் என்ற கேள்விக்குக் கபடி போதும். 2014இல் புரோ கபடி தொடங்கிய பிறகு தொலைக்காட்சியில் கோடிப் பேர் பார்க்கும் ஆட்டம் அது. ஆனால் உடை ஏறக்குறைய கால்பந்து ஜெர்சியும் ஷார்ட்ஸும்தான். ஆட்டமோ வேறு. ரெய்டரின் கணுக்காலையும் தொடையையும் இடுப்பையும் ஒரே நேரத்தில் நாலு பேர் பிடிக்கிறார்கள். பாயில் முழங்கையும் முழங்காலும் உரசுகின்றன. பாடிக்கொண்டே மூச்சடக்கி ஓடுவதால் விலா விரியும் விதமே மாறுகிறது. துணி வழுக்க வேண்டுமா, வழுக்கினால் யாருக்குச் சாதகம், அதை விதி அனுமதிக்குமா? தையல் தொடையின் வெளிப்பக்கம் ஓட வேண்டுமா, உள்பக்கமா? பெண்கள் அணிக்கு இதே வெட்டா? இந்தக் கேள்விகளைக் கேட்டு டெக் பேக் எழுத ஹெர்ட்ஸோகனவ்ராக்கில் இருப்பவருக்கு அவசரம் ஒன்றுமில்லை. கபடி பார்த்து வளர்ந்து, பாயில் விழுந்து முழங்கால் உரசிக்கொண்டு, ஓவர்லாக் ஓட்டத் தெரிந்து, அதற்கு மேல் வியர்வையை எடை போடவும் கற்றுக்கொண்ட ஒருவர் எழுதலாம். அவர் படிப்பதற்கான வகுப்பு இன்னும் தொடங்கப்படவில்லை. தொடங்கினால் அதை நடத்த வேண்டிய ஊர் திருப்பூரிலிருந்து பேருந்தில் போகும் தூரத்துக்குள்தான் இருக்கிறது.